வளைவில் திரும்பாத வண்டி

கல்லாறு
1939 ஜனவரி 28

ஞானசிகாமணி அத்தான் அவர்களுக்கு,

செல்லபாய் எழுதிக்கொண்டது. என் கையெழுத்து உங்களுக்குப் புதிதாக இருக்கும். மூன்று வருஷமாக நீங்கள் உங்கள் தம்பி வீட்டுப் படி ஏறியதில்லை, ஒரு வரி எழுதியதுமில்லை. நாங்களும் எழுதவில்லை. இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது.

போன சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் பார்த்தபடி சொல்கிறேன். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த நம் பிக்கப் வண்டி, பாலத்துக்கு மேலே இருக்கிற வளைவில் திரும்பவில்லை. நேரே போய்ப் பாறையில் மோதியது. பின்னால் பெட்டிகள் மேல் உட்கார்ந்து வந்த துணி வியாபாரி ஆறுமுகநயினார் அண்ணாச்சி தூக்கி எறியப்பட்டு அந்த இடத்திலேயே போய்விட்டார். உங்கள் தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. சத்தம் கேட்டு நான் பாலத்தடியில் இருக்கிற நம் கடையிலிருந்து ஓடிப் போனபோது அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

குடித்துவிட்டு ஓட்டினார் என்று போலீஸ்காரர்கள் எழுதிவிட்டார்கள். காலடியில் ஒரு போத்தல் கிடந்ததாம். அதில் இருந்தது ஆமணக்கெண்ணெய். ஸ்டியரிங்கில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஒரு வாரமாகத் தினமும் காலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. பிப்ரவரி இருபத்தேழாம் தேதி கோர்ட்டில் வருகிறது.

புதன்கிழமை உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "அண்ணன்காரர் தெனம் சாயங்காலம் வந்து காப்பி குடுத்திட்டுப் போறாரே, நல்ல மனுஷன்" என்றாள். மூன்று வருஷம் வராத கால் இப்போது ஏன் தினமும் வருகிறது? இவரிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜனவரி பத்தாம் தேதி ஸ்டியரிங்கைப் பார்க்கச் சொல்லி வண்டியைப் பழவங்காடியில் நீங்கள் மேஸ்திரியாக இருக்கிற ரிப்பேர் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று சாயங்காலமே திரும்பி வந்தார். முகம் சரியாக இல்லை. அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. பதினோராம் நாள் வண்டி திரும்பவில்லை.

அந்த வண்டியை என்ன செய்தீர்கள்?

செல்லபாய்


பழவங்காடி
1939 ஜனவரி 31

தங்கச்சி செல்லபாய்க்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

தம்பி வண்டியைக் கொண்டுவந்தது உண்மை. நான் பார்த்ததும் உண்மை. அவனுக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிறதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவன் எனக்குத் தம்பி. ஷெட்டிலிருந்து அது நடக்கிற தூரம்.

ஒன்று கேட்கிறேன், ஆத்திரப்படாதே. அன்றைக்கு அவன் உண்மையாகவே குடிக்கவில்லையா? என்னிடம் வேலை பார்த்த நாளில் குடிப்பான். ஒரு நாள் டாக்டர் ஒருவருடைய காரை ஷெட் கேட்டில் கொண்டு இடித்தான். அன்றுதான் நான் அவனை எல்லார் முன்னிலையிலும் அடித்தேன், அவன் போனான். இது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது.

வண்டி வளைவில் திரும்பாமல் போக எத்தனையோ காரணம் உண்டு. இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, இரும்பைப் பார்க்க வேண்டும். வண்டி உன் கடைக்குப் பின்னால்தான் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். முன் டயர் இரண்டையும் பார். இடது டயர் வெடித்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுத்திருக்கும். பிறகு ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு விரல் தூக்கு. ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் வைத்து உள்ளும் புறமும் அசைத்துப் பார். லொடலொடவென்று ஆடினால் கிங் பின் தேய்ந்திருக்கிறது. அது சக்கரத்தைத் தாங்கி நிற்கிற தடித்த ஆணி. முன் அச்சைப் பட்டை ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கும் வளைந்த போல்ட்டுகளையும் தொட்டுப் பார். அவை தளர்ந்திருந்தால் அச்சு முழுவதும் நகர்ந்துவிடும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள். மோதி உடைந்த இரும்பின் முகத்தில் உடைந்த கல்கண்டு மாதிரிப் பொடிப்பொடியாக மணி தெரியும். தானாகக் கழன்ற இரும்பில் அந்தக் காயம் இருக்காது. போலீஸோடு வந்த மோட்டார் இன்ஸ்பெக்டருக்கு இதைப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

பார்த்து எழுது.

ஞானசிகாமணி


கல்லாறு
1939 பிப்ரவரி 4

அத்தான் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டிருந்ததைப் படித்தேன். அடித்தது எனக்குத் தெரியும். கார் இடித்ததும் தெரியும். அவர் குடித்ததும் தெரியும், கலியாணத்துக்குப் பிறகு விட்டதும் தெரியும். வேதக்கோயில் உபதேசியார் கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை அவர் மீறவில்லை. இனி அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள்.

வண்டியைப் பார்த்தேன். தொடக்கூடாது என்று ஒரு போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், ஆனால் அவர் மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. பக்கத்துச் சாயாக்கடைச் சரோஜத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

"இன்ஸ்பெக்டர் பார்த்தாச்சுல்லே சேச்சி, பின்னே எதுக்கு நம்மள் பார்க்கணும்?" என்றாள்.

"அவரு பாத்தது வண்டிய இல்ல, போத்தல" என்றேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜாக்கியைச் சுற்றினாள்.

டயர் இரண்டும் வெடிக்கவில்லை. இடது டயரில் காற்றுகூட அப்படியே இருக்கிறது. சக்கரத்தை நீங்கள் சொன்னபடி மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். கொஞ்சம் ஆடுகிறது, லொடலொட என்று இல்லை. வளைந்த போல்ட்டுகள் இறுகித்தான் இருக்கின்றன. ஸ்பானரை மாட்டி என் பலம் முழுவதையும் போட்டேன், அசையவில்லை.

ஆனால் நீங்கள் சொல்லாத ஒன்றைச் சரோஜம் பார்த்தாள். ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்து விளையாட்டாக ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அது சுற்றிக்கொண்டே போனது. கயிறு அறுந்த கிணற்றுக் கப்பி மாதிரி இரண்டு பக்கமும் ஒரே போக்காகச் சுற்றுகிறது. சக்கரம் இம்மியும் அசையவில்லை. இது என்ன?

இன்னொன்று. "அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை முடிந்து எடுத்துக்கொண்டு போனாரா, முடியாமல் எடுத்துக்கொண்டு போனாரா? நீங்கள் கொடுத்தீர்களா, அவர் எடுத்தாரா? ஒரு வரியில் இரண்டு கேள்விக்கு இடம் வைத்து எழுதியிருக்கிறீர்கள்.

செல்லபாய்


பழவங்காடி
1939 பிப்ரவரி 7

தங்கச்சி செல்லபாய்க்கு,

ஸ்டியரிங் சும்மா சுற்றுவதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அந்த வேகத்தில் பாறையில் மோதினால் அடியில் இருப்பதெல்லாம் விட்டுப் போகும். மோதியதில்தான் எல்லாம் உடைந்தது என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம், அந்த விஷயத்தில் அது சரிதான்.

நீ பார்க்க வேண்டியது பிரேக். இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் ஓடும், ஓட்டுகிறவன் எவ்வளவு திருப்பினாலும் கேட்காது. வளைவுக்கு முன்னால் ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு ஒன்றா இரண்டா என்று பார். மழை பெய்யவில்லையானால் இன்னும் இருக்கும். பெட்டிகளை எந்தப் பக்கம் அதிகமாக அடுக்கினார்கள் என்று எஸ்டேட் ஆட்களிடம் கேள். பாரம் பின்னால் கூடிப்போனால் முன் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. இவைதான் முக்கியம்.

இனி நீ வண்டிக்கு அடியில் போக வேண்டாம். ஜாக்கி சறுக்கினால் ஆபத்து. ஊரிலும் பேசுவார்கள். வியாழக்கிழமை விதுரா பஸ்ஸில் என் ஷெட் ஆள் வேதமாணிக்கத்தை அனுப்புகிறேன். விஷயம் தெரிந்தவன். அவன் பார்த்துக்கொள்வான். அவன் வேலை செய்கிறபோது நீ பக்கத்தில் நிற்க வேண்டும் என்றில்லை.

தம்பி இன்றைக்கு என்னிடம் முதல் தடவையாகப் பேசினான். "காப்பி ஆறிப்போச்சு" என்றான்.

ஞானசிகாமணி


கல்லாறு
1939 பிப்ரவரி 11

அத்தான் அவர்களுக்கு,

ரோட்டில் கறுப்புக் கோடு இரண்டு இருக்கிறது. நேராக, ஒரே நீளத்தில். பிரேக் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பெட்டிகளை நடுவில் வைத்துக் கட்டினோம் என்று எஸ்டேட் ஆட்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் பதில் முடிந்தது.

உங்கள் ஆள் வந்தான். நல்ல மனுஷன். சாயா கொடுத்தேன், குடித்தான். வண்டியைத் தொட மட்டும் விடவில்லை.

"அண்ணன் உங்களிட்ட என்ன செய்யச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அடியில ஒரு நட்டு போட்டு முறுக்கிட்டு வரச் சொன்னாரு. இழுத்துட்டுப் போக வசதியா இருக்கும்ணு சொன்னாரு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

பையைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினான். அவனுக்குக் கள்ளம் தெரியாது. எண்ணெய்த் தாளில் சுற்றிய பெரிய நட்டு ஒன்று, தலையில் கோட்டைச் சுவர் மாதிரிப் பள்ளம் பள்ளமாக வெட்டியது. கூடவே இரட்டைக் கம்பியாக மடித்த ஒரு சின்னப் பின். இரண்டும் புதுசு அல்ல. அழுக்குத் தேய்த்த பழசு. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. அவனை அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் வண்டிக்கு அடியில் போனேன். ஊர் பேசட்டும்.

ஸ்டியரிங் கம்பி கீழே இறங்கி ஒரு இரும்புப் பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டியிலிருந்து விரல் கனத்துக்கு மேல் ஒரு தண்டு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில்தான் ஒரு இரும்புக் கை மாட்டியிருக்க வேண்டும். அந்தக் கைதான் சக்கரத்தைத் தள்ளுகிறது என்று பார்த்தாலே தெரிகிறது. இப்போது அந்தக் கை கழன்று கீழே தொங்குகிறது. தண்டின் நுனியில் மரை இருக்கிறது. மரை உடையவில்லை, மழுங்கவில்லை. குறுக்கே ஒரு துளை இருக்கிறது. துளைக்குள் ஒன்றும் இல்லை. நட்டும் இல்லை. மோதி உடைந்த இரும்பில் மணி தெரியும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். கையையும் தண்டையும் துணியால் துடைத்துப் பார்த்தேன். எங்கேயும் காயம் இல்லை.

அத்தான், டயரைக் கேட்டீர்கள். கிங் பின்னைக் கேட்டீர்கள். அச்சு, பிரேக், பாரம், என் புருஷனின் வாய் நாற்றம் எல்லாவற்றையும் கேட்டீர்கள். வண்டி முழுவதையும் நான் தடவிப் பார்க்கும்படி செய்தீர்கள். இந்த ஒரு கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழவங்காடியில் உட்கார்ந்துகொண்டே, இங்கே எந்த நட்டு இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அதே அளவில் ஒன்றை எப்படி அனுப்பினீர்கள்?

இனி யாரையும் அனுப்பாதீர்கள். எழுதுங்கள்.

செல்லபாய்


பழவங்காடி
1939 பிப்ரவரி 15

செல்லபாய்க்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

பத்தாம் தேதி பதினொரு மணிக்குத் தம்பி வண்டியைக் கொண்டுவந்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு வருகிறான், நான் உட்காரச் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டியரிங் நாலு விரல் அகலம் சும்மா போய்விட்டுத்தான் சக்கரத்தைத் தள்ளியது. பெட்டிக்குள் தண்டைப் பிடித்திருக்கிற புஷ் என்ற பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது. நாகர்கோவிலிலிருந்து புதிது வரவழைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வரை வண்டி கிடக்கட்டும் என்றேன். எஸ்டேட் லோடு நிற்கும் என்றான். அப்போது ஷெட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்கும்படி, "எண்ணெய் ஊத்தத் தெரியாதவனுக்கெல்லாம் வண்டி எதுக்கு" என்று சொன்னேன். அவன் எதிரே கணபதி கோயில் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நான் அந்த இரும்புக் கையைக் கழற்றிப் பெட்டியைப் பார்த்தேன். பிறகு வண்டியை உள்ளே தள்ளி நிறுத்துவதற்காக மட்டும் கையைத் திரும்ப மாட்டினேன். நட்டை விரலால் நாலு சுற்றுச் சுற்றி வைத்தேன். ஸ்பானர் போடவில்லை. பின்னைச் செருகவில்லை. அது மேஜையில் இருந்தது. சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது வண்டி இல்லை.

இதுவரை நடந்தது கவனக்குறைவு என்று யாரும் சொல்லலாம். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பின் மேஜையில் கிடப்பதைப் பார்த்தேன். வண்டி போயிருப்பதையும் பார்த்தேன். எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லாமல் எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு ஆகிவிட்டானா என்று. மறுநாள் பயம் வந்தது. அவனை எச்சரித்து ஒரு தபால் கார்டு எழுதலாம் என்று நினைத்தேன். நான் எழுதினால் அவன் ஜெயித்த மாதிரி ஆகும் என்று தோன்றியது. அந்தக் கை தண்டின் பல்லில் இறுகி உட்கார்ந்திருக்கும், உடனே கழலாது, ஆட்டம் கூடக் கூட அவனுக்கே தெரியும், தானாகத் திரும்பி என்னிடம் வருவான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவன் வரட்டும், வந்து நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அவனும் வண்டியில் சத்தம் கேட்டதும் என் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான் என்று உன் முதல் கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

உன்னிடம் டயரையும் பிரேக்கையும் கேட்டது ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும். வேறு ஏதாவது உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவன் குடித்திருக்கக் கூடாதா என்றுகூட வேண்டினேன். ஒவ்வொரு கடிதத்திலும் நீ ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தாய். கடைசியில் வேதமாணிக்கத்தை அனுப்பினேன். இழுத்துக்கொண்டு போக வசதி என்று அவனிடம் சொன்னேன். அது பொய். கோர்ட்டுக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு நட்டு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவனைக் குற்றம் சொல்லாதே.

நான் ஒரு மனிதரைக் கொன்றேனா என்று எனக்குத் தெரியவில்லை. கொல்லவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஞானசிகாமணி


கல்லாறு
1939 பிப்ரவரி 19

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சாயங்காலம் நீங்கள் வருவதற்கு முன் கிளம்பிவிட்டேன். உங்களைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "வெள்ளிக்கிழம வர கிடக்கட்டும்ணு அண்ணன் சொன்னது சரிதான். நான்தான் சொல்லாம எடுத்தேன். அது எனக்கத் தப்பு" என்றார்.

"நட்டு கையால வச்சிருந்தது தெரியுமா?"

"தெரியாது. ஸ்டியரிங் கையில சும்மா வந்தப்பம் தெரிஞ்சது. அந்த நிமிஷமே தெரிஞ்சது."

"பின்ன ஏன் போலீசுகிட்ட சொல்லல? குடிகாரன்னு எழுத விட்டுட்டு ஏன் சும்மா கிடக்கிய?"

கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "சொன்னா அண்ணன் ஜெயிலுக்குப் போவாரு. சொல்லாட்டா நான் போவேன். ரெண்டுல எது நடந்தாலும் நயினார் அண்ணாச்சி எழும்பி வரமாட்டாரு செல்லபாய். அவரு எனக்கிட்ட வண்டியில இடம் கேட்டாரு. நான்தான் ஏறச் சொன்னேன்" என்றார்.

இப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நீங்கள் தினமும் அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக் கொடுத்தீர்கள். இருவருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே நான் ஒருத்தி ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

உங்கள் கடிதத்தை வக்கீல் கையில் கொடுக்கலாம். கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். இருபத்தேழாம் தேதி நீங்களாக வந்து, கோர்ட்டில் நின்று, உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்வீர்கள் என்று நான் நம்பவில்லை. எழுதுவது வேறு, சொல்வது வேறு. நம்பாமல்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் நீங்கள் போக வேண்டிய இன்னொரு வீடு இருக்கிறது. ஆறுமுகநயினார் அண்ணாச்சி வள்ளியூர்க்காரர். மனைவி பெயர் சிவகாமியம்மாள். குடிகாரன் ஓட்டிய வண்டியில் புருஷன் செத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

செல்லபாய்


வள்ளியூர்
1939 பிப்ரவரி 24

செல்லபாய்க்கு,

சத்திரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் அந்த வீட்டுக்குப் போனேன்.

சிவகாமியம்மாளுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய துணி மூட்டையைப் போலீஸ் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதைப் பிரிக்காமல் சுவரோரம் வைத்திருக்கிறார். என்னை யாரோ பாக்கி வசூலிக்க வந்த ஆள் என்று நினைத்தார். நான் யார் என்று சொன்னேன். உனக்கு எழுதியதையெல்லாம் நின்றபடியே சொன்னேன். தம்பி குடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். வாழ்க்கையில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவர் சத்தம் போடவில்லை. அழவுமில்லை. முடிகிற வரை கேட்டுவிட்டு, "அந்தப் பதினோரு நாள்ல வேற யாருக்காவது கடுதாசி எழுதினியளா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எழுதினேன் அம்மா. நாகர்கோவிலுக்கு ஒரு கார்டு எழுதினேன். அந்த வண்டிக்குத்தான், ஒரு புஷ் அனுப்பச் சொல்லி" என்றேன்.

"அப்பம் கையில கார்டு இருந்திருக்கு" என்றார்.

எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஷெட் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இனி வர வேண்டாம் என்றார். திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வருவேன். நீ நம்ப வேண்டாம். வந்து பார்த்துக்கொள்.

ஞானசிகாமணி


கல்லாறு
1939 ஜூன் 10

அத்தான் அவர்களுக்கு,

ஜெயிலுக்கு எழுதுகிற கடிதத்தை முதலில் அவர்கள் வாசிப்பார்களாம். வாசிக்கட்டும். மறைக்க ஒன்றும் இல்லை.

அன்றைக்குக் கோர்ட்டில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீங்கள் பேசப் பேச உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒன்றை விட்டுவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். வேதமாணிக்கத்திடம் நட்டுக் கொடுத்தனுப்பியதை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள். மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களை நிமிர்ந்து பார்த்தார்.

ஏப்ரலில் உங்களுக்கு மூன்று மாதம் என்று தீர்ப்புச் சொன்ன அன்று உங்கள் தம்பி சாப்பிடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. உங்களை நலம் விசாரித்து எழுதவும் மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள். மனதில் இல்லாததை எழுத எனக்குத் தெரியாது.

அவர் கம்பு ஊன்றி நடக்கிறார். வழக்கிலிருந்து விடுவித்து லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் வள்ளியூர் போய் சிவகாமியம்மாளைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. இனி வண்டியில் பாரத்தின் மேல் ஆளை ஏற்றமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

வண்டியை நெடுமங்காட்டு மெக்கானிக் ஒருவர் வந்து சரிசெய்து கொடுத்தார். புது புஷ், புதுக் கை, எல்லாம் போட்டாயிற்று. அவர் முறுக்கியதும் நான் அடியில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மெக்கானிக்குக் கோபம். பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

நேற்று உங்கள் தம்பி முதல் தடவையாக ஓட்டினார். பாலம் வரை நானும் பக்கத்தில் இருந்தேன். சமதளத்தில் கையை விட்டால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் போகிறது. பிரேக் மிதிக்காதபோதும் போகிறது. வளைவில் இடது பக்கம் திருப்பினால் ஸ்டியரிங் தானாக நேரே திரும்பி வரவில்லை, வலது பக்கம் திருப்பினால் வருகிறது. காற்று இரண்டு டயரிலும் சரியாக இருக்கிறது. மெக்கானிக், புது வண்டி மாதிரி இருக்கிறது, ஓட ஓடச் சரியாகும் என்கிறார். அவர் சொல்வது இவருக்குப் போதும். எஸ்டேட்டிலிருந்து திங்கட்கிழமை லோடு ஏற்ற வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணனிடம் கேட்டு எழுதுகிறேன், அதுவரை கிடக்கட்டும் என்றேன். இவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறார்.

என்ன என்ன பார்க்க வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். சரோஜமும் நானும் ஜாக்கி வைத்துப் பார்த்துவிடுகிறோம். உங்கள் பதில் வரும் வரை வண்டி நகராது.

செல்லபாய்